முன்பக்கத் தூக்கலுக்கு எது மருந்து: ஏர் டேமா, ஸ்ப்ளிட்டரா?

பழைய போர்ஷே 911-ல் என்ஜின் பின்னால் இருப்பதால் முன்சக்கரங்களில் எடை குறைவு. நெடுஞ்சாலையில் விரட்டினால் காற்று தூக்குவதால் மூக்கு லேசாக எழும்பி, ஸ்டியரிங் இலகுவாகிவிடும். வேகம் இரட்டித்தால் இந்தத் தூக்குவிசை நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டும்போது தெரியவே தெரியாது.

ஏர் டேம், பம்பருக்குக் கீழே இறங்கும் தடுப்பு. காருக்கு அடியில் புகும் காற்றைக் குறைக்கும். 1972 மாடல் 911 எஸ்-ல் போர்ஷேவே இப்படியொன்றைப் பொருத்தியது.

ஸ்ப்ளிட்டர், பம்பரின் கீழ்விளிம்பிலிருந்து முன்னால் நீளும் படுக்கையான தகடு. மூக்கில் முட்டித் தேங்கும் காற்று மேலிருந்து அதை அழுத்தும். அடியில் காற்று விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறையும். தூக்கலைக் குறைப்பதோடு நிற்காமல், மூக்கைக் கீழே அழுத்தவும் இதனால் முடியும். ஆனால் பொருத்துவதில்தான் விஷயமே இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் வெறுமனே திருகினால் தகடு படபடக்கும், ஒருநாள் பிய்ந்துகொண்டு போகும். சேஸியிலிருந்து, அதாவது காரின் அடிச்சட்டத்திலிருந்து, பிராக்கெட், முன்விளிம்புக்குத் தாங்குகம்பிகள் அவசியம். ஒரு ஆள் ஏறி நின்றாலும் அசையக் கூடாது. அப்புறம், பிரேக் பிடித்தால் மூக்கு தாழும். தரையோடு உள்ள இடைவெளி மாற, அழுத்தமும் மாறும்.

வேகத்தடை நிறைந்த சாலையில் ஓடும் காருக்கு ஏர் டேம் போதும், அதிலும் வளைந்து கொடுக்கும் ரப்பர் விளிம்பு உள்ளதாகப் பாருங்கள். பந்தய டிராக்குக்கு என்றால் தயங்காமல் ஸ்ப்ளிட்டர். எதுவானாலும் பின்பக்கத்தை மறக்காதீர்கள். முன்பக்கம் மட்டும் ஒட்டிப் பிடித்தால் வேகமான வளைவில் வால் வீசும். 1973 கரேரா ஆர்எஸ் 2.7-ன் பின்னால் அந்த வாத்துவால் ஸ்பாய்லர் வந்தது சும்மா அழகுக்காக இல்லை.