உளவளத்துணை முதுமாணி என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டது: சேரமுன்னர் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரால் நடத்தப்பட்ட உளவளத்துணை உளவியல் முதுமாணிக் கற்கைநெறியை நான் பத்து மாதங்கள் படித்தேன். மூன்று தவணைகளில் கட்டிய பணம் 360,000 ரூபா. நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இத்தகைய நிலையங்கள் பலகையை மாற்றிவிட்டு அதே மேல்மாடியில் வேறு பெயரில் அடுத்த அணியைச் சேர்ப்பது எளிது என்பதால், பெயரைவிட நடந்த விதம்தான் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நான் கலைமாணிப் பட்டதாரி. மகளிர் அமைப்பு ஒன்றில் உளசமூகப் பணியாளராக ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, அடுத்த திட்டத்துக்கான விளம்பரங்கள் எல்லாவற்றிலும் பட்டப்பின் தகைமை விரும்பத்தக்கது என்ற வரி இருப்பதைக் கண்டேன். வடக்கில் இந்தத் துறைக்கு ஆட்கள் தேவைப்படுவது எவருக்கும் தெரிந்த விடயம். போர்க்காலத்திலும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009க்குப் பின்னரும் இங்கு உளவளத்துணை செய்த மூத்தவர்கள் பலர், தங்களைவிட அனுபவம் உள்ள ஒருவரின் அருகில் இருந்து ஆண்டுக்கணக்காகப் பழகியவர்கள். அந்த நீண்ட பழக்கத்துக்கு ஈடாக ஒரு முதுமாணி இருக்கும் என்று நம்பியே சேர்ந்தேன்.

அலுவலக அறையின் சுவரில் மூன்று சட்டமிட்ட சான்றிதழ்கள் தொங்கின. ஒன்று மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவுச் சான்றிதழ். அது உண்மையானது, அங்கேதான் நான் வழுக்கினேன். அந்தப் பதிவு தொழிற்பயிற்சி நெறிகளை நடத்துவதற்கானது. முதுமாணிப் பட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மற்றது அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைத் தரப்படுத்தியதாகக் கூறும் ஏதோ ஒரு சர்வதேச அமைப்பினது. மூன்றாவது, ஒரு மண்டபத்தில் எடுத்த குழுப்படத்தோடு கூடிய பாராட்டுப் பத்திரம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்பதற்குப் பார்க்கும் இடங்களில் முதன்மையானது, சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வெளியிடும் கைநூல். அதன் தரவுத்தளத்தை இணையத்தில் எவரும் இலவசமாகத் தேடலாம். நான் தேடியது எட்டாவது மாதத்தில். பெயர் அங்கே இல்லை.

கணக்குப் போட்டிருந்தாலும் முதல் நாளே விளங்கியிருக்கும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, பாடநெறி வழியான முதுமாணி ஒன்பதாம் மட்டத்தைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தது 30 திறமைப் புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளி, சுயகற்றலும் சேர்த்து, 50 மணித்தியால உழைப்பு. அதாவது 1,500 மணித்தியாலங்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை வகுப்பு, அதிலும் தேநீர் இடைவேளை அரை மணி. நாற்பது ஞாயிறுகளுக்கு எப்படிக் கூட்டினாலும் 160ஐத் தாண்டாது. வகுப்பில் இருந்த 23 பேரில் உயர்தரத்தோடு படிப்பை நிறுத்திய நால்வரும் இருந்தார்கள். முதுமாணி வகுப்பில் பட்டம் பெறாதவர்களும் அமர்ந்திருப்பதைக் கண்டபோதாவது நான் கேள்வி கேட்டிருக்க வேண்டும். அந்த நால்வரும் நல்ல பிள்ளைகள், என்னைப்போலவே கடன்பட்டுக் கட்டியவர்கள் என்பதால், கேட்டால் அவர்களை அவமதித்ததாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

விரிவுரைகள் முழுக்க முழுக்கக் குப்பை என்று சொல்லமாட்டேன். அமெரிக்க உளவியலாளர் காள் ரோஜர்ஸ் உளவளத்துணையாளரிடம் இருக்க வேண்டும் என்று சொன்ன நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு, உண்மைத்தன்மை ஆகிய மூன்றையும் ஒரு விரிவுரையாளர் நன்றாகவே விளக்கினார். அதே ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்திலேயே உளவளத்துணை அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, மாணவர்கள் தாங்கள் பேசியதைத் தாங்களே கேட்டுத் திருத்திக்கொள்ள வழிசெய்தவர் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், எங்கள் குரலை யார் கேட்கப்போகிறார்கள் என்று நாங்கள் கேட்டிருப்போம்.

இனி, இந்தப் பதிவை எழுதவைத்த விடயத்துக்கு வருகிறேன். எங்கள் கற்கைநெறியின் கைநூலில் களப்பயிற்சி 200 மணித்தியாலம் என்று இருந்தது. அமெரிக்காவில் உளவளத்துணை முதுமாணி நெறிகளைத் தரப்படுத்தும் காக்ரெப் என்ற அமைப்பு, முதலில் 100 மணித்தியாலப் பயிற்சியும், பின்னர் 600 மணித்தியால உள்ளகப் பயிற்சியும் கேட்கிறது. அவற்றில் முறையே 40, 240 மணித்தியாலங்கள் துணைநாடிகளுடன், அதாவது உளவளத்துணை தேடி வருபவர்களுடன், நேரடியாகச் செலவிடப்பட வேண்டும்; வாரந்தோறும் மேற்பார்வையாளருடன் அமர வேண்டும். எங்கள் 200 அதற்குக் கிட்டவும் வராது என்றாலும், இந்த ஊருக்கு அது பெரிது என்றுதான் நினைத்தேன். எட்டாவது மாதத்தில் இணைப்பாளர் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் நீல அட்டைப் பதிவேடு ஒன்றையும், தட்டச்சு செய்த தாளொன்றையும் தந்தார். தாளில் திகதிகள், நேரங்கள், இடங்கள், "அவதானித்தல்", "தனிநபர் அமர்வு" என்ற குறிப்புகள். அவற்றைப் பதிவேட்டில் எங்கள் கையெழுத்தில் பார்த்தெழுத வேண்டும்.

"சேர், நாங்கள் இந்த இடங்களுக்குப் போகேல்லையே" என்று கேட்டேன்.

"பிள்ளை, எல்லாரும் இப்பிடித்தான் நிரப்பிறவை. சைனை நான் பார்க்கிறன், நீங்கள் யோசிக்காதையுங்கோ."

நான் நிரப்பினேன். இதை மறைத்து எழுதினால் இந்தப் பதிவும் அந்தப் பதிவேட்டைப் போலவே ஆகிவிடும். இரண்டு இரவுகள் இருந்து எழுதினேன். அடுத்த ஞாயிறு, நான் ஒருநாளும் கண்டிராத மேற்பார்வையாளர் ஒருவரின் ஒப்பம், எல்லாப் பக்கங்களிலும் ஒரே பச்சை மையில், ஒரே சாய்வில், முதற்பக்கத்தில் அழுத்தமாகவும் போகப்போகக் கை களைத்ததுபோல் தேய்ந்தும் விழுந்திருந்தது. அன்றிரவு பக்கங்களைப் புரட்டியபோதுதான் ஒரு திகதி கண்ணில் பட்டது. நல்லூர்த் தேர்த்திருவிழா நாள். நகரில் பாதி வீதிகளில் வாகனம் போகமுடியாத அந்தக் காலையில், எட்டரை முதல் பன்னிரண்டு வரை, நாங்கள் 23 பேரும் ஒரே இடத்தில் தனித்தனியாகத் துணைநாடிகளைச் சந்தித்திருக்கிறோம்.

சிரிக்கலாம்தான். ஆனால் அந்த வேளையில் என்னிடம் உண்மையான துணைநாடி ஒருவர் வந்துகொண்டிருந்தார். 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் தன் மகனை இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்றுவரை தேடும் தாய் அவர். மனதில் உள்ளதை வெளியே கொட்டவைத்தால் பாரம் குறையும் என்று வகுப்பில் எழுதிய குறிப்பை நம்பி, அந்தக் கடைசி நாளை ஆரம்பத்திலிருந்து சொல்லும்படி கேட்டேன். சொன்னார். மகன் போட்டிருந்த சேட்டின் நிறம்வரை சொன்னார். பிறகு கை நடுங்கத் தொடங்கியது; நான் கொடுத்த தண்ணீரை வாங்கி மடியில் வைத்தபடியே, "பிள்ளை, இதைச் சொன்னால் அவன் வருவானோ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அமர்வை எப்படி முடிப்பது என்றும் தெரியவில்லை. அவர் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். மூன்று வாரங்கள் வரவில்லை. அந்த நாட்களில் அவர் சாப்பாடு, நித்திரை இரண்டையும் விட்டிருந்ததாக அயலவர் சொல்லித்தான் அறிந்தேன்.

நீண்டகாலம் இந்தப் பணியில் இருக்கும் ஓர் அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மரணம் உறுதியாகாத இழப்பு வேறு வகையானது என்றும், போலின் பொஸ் என்ற அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் அதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு 1970களிலிருந்து எழுதிவருகிறார் என்றும், அத்தகைய ஒருவரிடம் முடிவைத் தேடாமல், முடிவில்லாத நிலையோடு அன்றாடத்தை நடத்தத் துணைநிற்பதே முதல் வேலை என்றும் விளக்கினார். பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உம்மட சுப்பவைசர் ஆர்?" பச்சை மைக்காரரின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தாய் இப்போது அக்காவிடம் போகிறார்.

ஆகவே, சேர நினைப்பவர்கள் சான்றிதழைப் பார்க்கும் முன்னர் கேட்க வேண்டியது இதைத்தான்: என்னை யார் மேற்பார்வை செய்வார், எந்த இடத்தில், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், அவரை நான் பணம் கட்டமுன்னர் சந்திக்கலாமா? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முதுமாணி முடித்தால் வைத்தியசாலையில் உளவியலாளராகலாம் என்று எங்களிடம் சொன்னதும் பொய். சிகிச்சை உளவியலாளராகப் பணியாற்ற இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும். இந்தத் தாளைக் கொண்டு அதன் வாசலையும் மிதிக்க முடியாது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, கட்டணம் மீளளிக்கப்படாது என்று பற்றுச்சீட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். நுகர்வோர் விவகார அதிகார சபைக்குப் போனேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். நான் யோசித்துக்கொண்டே காலத்தைக் கடத்தியிருந்தேன். பிறகு மத்தியஸ்த சபைக்குப் போனேன். அங்கே கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் வேண்டியதில்லை. முதல் அமர்வுக்கு அவர்கள் வரவில்லை. இரண்டாவதற்கு வந்து, அடுத்த நெறியில் அரைக் கட்டணத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைப் பெற்றுக்கொண்டு, நீதிமன்றம் போவதா என்று இப்போது ஆலோசித்து வருகிறேன்.

சென்ற வாரம் எங்கள் அணியின் வட்ஸ்அப் குழுவில், பட்டமளிப்பு விழாவில் அங்கிக்கும் படத்துக்குமாக 45,000 ரூபா கட்டும்படி செய்தி வந்திருக்கிறது. அணியில் இருந்தவர்கள் இதை வாசித்தால், பற்றுச்சீட்டையும் நீலப் பதிவேட்டையும் எறிந்துவிடாதீர்கள். முறைப்பாட்டில் ஒன்றாகச் சேர அவை தேவைப்படும். என்னுடையதில் தேர்த்திருவிழா நாள் 41ஆம் பக்கத்தில் இருக்கிறது. உங்களுடையதிலும் அங்கேதான் இருக்கும்.