சர்க்யூட் சிமுலேஷன்: பழகப் பழக நிலைத்தது எல்டிஸ்பைஸ்

தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் போர்டையே எடுத்துக்கொள்வோம். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் கேட்கப்படுவது அது. மேசையில் ஒழுங்காக ஓடும். தோட்டத்தில் வோல்டேஜ் இறங்கியதும், மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்சான ரிலே படபடவென்று அடிக்கும். சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறதா என்பதுதான் இங்கே அளவுகோல்.

ஃபால்ஸ்டாட் பிரௌசரிலேயே திறக்கும், கரண்ட் புள்ளி புள்ளியாக நகர்வது கண்ணுக்குத் தெரியும். ஆரம்பப் பாடத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. டிங்கர்கேட் ஆர்டுயினோ ஊனோ மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வரைக்கும் போதும்; வைஃபை உள்ள இஎஸ்பி32 சிப்புக்கான கோடு என்றால் வோக்வி சிமுலேட்டர். ஆனால் பவர் சப்ளைக் கணக்கை வோக்வியிடம் கேட்கக் கூடாது. புரோட்டியஸ் இரண்டையும் செய்யும், லைசென்ஸ் காசு கட்டுபடியாகாது.

எல்டிஸ்பைஸ் இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம். சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர்களில் இதுவே பாதி காரணம். சோதனை இப்படி: சைன் சோர்ஸ், 50 ஹெர்ட்ஸ், நான்கு டயோடு பிரிட்ஜ், ஃபில்டராக 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், லோடாக 75 ஓம். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்பதால் ஆம்ப்ளிட்யூடில் 12 என்று போட்டுவிடுவார்கள். அந்த 12 ஆர்எம்எஸ் அளவு; அங்கே கேட்பது அலையின் உச்சமான பீக், ஆகவே 17. ஸ்டெப் கட்டளையில் 17, 14.8, 13.3 என மூன்றையும் கொடுத்தால் 230, 200, 180 வோல்ட் லைன் ஒரே கிராஃபில் விழும். 17-லேயே ரிப்பிளின் (ஃபில்டருக்குப் பிறகும் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தின்) அடி 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும். அடுத்து வரும் 12 வோல்ட் ரெகுலேட்டரான 7812-க்கு அதுதான் விளிம்பு. டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்குக்கு 1 ஓம் சேர்த்தால் இன்னும் இறங்கும். 13.3-இல், டயோடுகளில் விழுவது போக, பீக்கே 12-ஐத் தொடாது. 7812-ஐ எடுத்துவிட்டு ரிலேயை நேராக ஃபில்டரிலிருந்தும், லாஜிக்கை 5 வோல்ட் ரெகுலேட்டரான 7805-இலிருந்தும் ஓட்டலாம். அப்போது 230-இல் ரிலேயின் காயில் சூடேறுகிறதா என்பதை மட்டும் கையால் பார்க்க வேண்டும்; சிமுலேட்டர் அதைச் சொல்லாது.

வழக்கமாக மாட்டுவது இரண்டு இடங்களில். பெரிய 'எம்' போட்டாலும் மில்லிதான். 1 மெகா ஓமுக்கு 'எம்இஜி' (MEG) என்று எழுத வேண்டும். கிரவுண்ட் வைக்க மறந்தால் எர்ரர்தான் மிச்சம். தானே அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் சர்க்யூட் அசையாமல் கிடந்தால், சோர்ஸைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றும் ஸ்டார்ட்டப் ஆப்ஷனை டிக் செய்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) வரை போவதென்றால் கைகேட். உள்ளே என்ஜிஸ்பைஸ் சிமுலேட்டர் இருக்கிறது. டிரான்சிஸ்டர் கால் வரிசை மாடலோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறினாலும் கிராஃப் ஏதோ ஒன்றைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும்.