அரிப்புக்குப் பத்தியமா, நிறுத்திச் சேர்த்துப் பார்ப்பதா?

தோலில் தடிப்பு எழும்பினாலும் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) சிவந்து நமைத்தாலும், உடனே சாப்பாட்டின் மேல்தான் சந்தேகம் விழும். அதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஆயுர்வேதப் பத்தியம். மற்றது, சந்தேகப்படும் உணவைச் சில வாரம் நிறுத்தி, பிறகு சேர்த்துப் பார்க்கும் ஒவ்வாமை மருத்துவ முறை.

தடிப்பை ஆயுர்வேதம் சீதபித்தம் என்கிறது. குளிர்காற்று பட்டுக் கபமும் வாதமும் கெட்டு, பித்தத்தோடு கூடிப் பரவுவதாக மாதவ நிதானம் என்ற பழைய ஆயுர்வேத நூல் விளக்குகிறது. அதனால் விலக்கு உணவுக்குள் நிற்பதில்லை. தயிர், புளிப்பு, பாலும் மீனும் சேர்ந்த சாப்பாடு ஆகியவற்றோடு பகல் தூக்கமும் அதில் அடங்கும். ஆளுக்கேற்பப் பத்தியத்தை மாற்றுவது வைத்தியரின் திறமை. ஆனால் விலக்கியவற்றில் எது உண்மையில் குற்றவாளி என்று பிரித்துக் காட்டும் சோதனை அதில் இல்லை. அரிப்பு தணிந்தால் பத்தியத்துக்குப் பெயர், தணியாவிட்டால் இன்னும் இரண்டு பொருள் விலக்கு!

இரண்டாவது முறையின் பலமே அந்தச் சோதனைதான். 2 முதல் 4 வாரம் நிறுத்தியும் மாற்றமில்லையா? அந்த உணவு தட்டுக்குத் திரும்பலாம். உணவு ஒவ்வாமைத் தடிப்பு பெரும்பாலும் சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் வந்துவிடும். 6 வாரத்துக்கு மேல் நீளும் தடிப்புக்கு உணவு காரணமாவது அரிது. மாதக்கணக்கில் வாயைக் கட்டுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்குப் பால், முட்டையை நீண்ட நாள் நிறுத்தினால் வளர்ச்சி பாதிக்கும். திரும்பக் கொடுக்கும்போது கடுமையான ஒவ்வாமையும் வரலாம். எனவே நிறுத்துவதும் சேர்ப்பதும் மருத்துவர் பார்வையில்தான். உணவைப் பொறுத்தவரை என் ஓட்டு இதற்கே.

ஆனால் பழக்கத்தை மாற்றுவதில் ஆயுர்வேதம் கெட்டி. கெட்ட பழக்கத்தை ஒரேயடியாக அல்ல, கால் பங்கு கால் பங்காக விடச் சொல்கிறது சரக சம்ஹிதை. இரவில் கண்விழிக்கும் பழக்கத்தைக் குறைக்க இதைவிட நடைமுறையான யோசனை எனக்குத் தெரியவில்லை. உறுதியான வேர்க்கடலை ஒவ்வாமைக்கு மட்டும் இந்தக் கால் பங்குக் கணக்கு செல்லாது. அங்கே முழு விலக்குதான்.

எண்ணெய்க் குளியலில் இரு தரப்பும் அவ்வளவு முரண்படவில்லை. கபம் மிகுந்தவருக்கும் அஜீரணக்காரருக்கும் அது வேண்டாம் என்று அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலே சொல்கிறது. எள்ளே சிலருக்கு ஒவ்வாமை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வறண்ட கரப்பானுக்கு, வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் காயுமுன் மணமில்லாத மாய்ஸ்சரைசர் தடவுவதே பாதுகாப்பு. வேப்பிலை, மஞ்சள் பூச்சு வெடித்த தோலை எரிச்சலாக்கலாம்.

உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில் எச்சரிக்கை கூடுதலாகவே தேவை. பாதரசம், ஈயம் கலந்த ஆயுர்வேதத் தயாரிப்புகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லாத பொடியை வாங்காதீர்கள். பத்தியத்தை நம்பி, டாக்டர் எழுதிய அரிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறு. உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ எந்த முறை நல்லது என்று யோசிக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.