பித்தளைத் தாயக்கட்டை: பழுது கட்டையிலா, கணக்கிலா?

பாத்திரக்கடையில் வாங்கும் பித்தளைத் தாயக்கட்டையில் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, நான்கு பட்டைகளின் அகலத்தை. இரு முனையிலும் நடுவிலும் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். சப்பையான கட்டை அகலப் பட்டையில்தான் அதிகம் படுக்கும். கெட்டி வார்ப்பாக, புள்ளிக் குழிகள் ஆழமில்லாமல் இருப்பதே நல்லது.

இதையெல்லாம் பார்த்து வாங்கிய கட்டைமீதும் ஒரு புகார் வரும்: "தாயமே விழ மாட்டேங்குது, ராசியில்லாத கட்டை." கணக்கைப் பார்ப்போம். ஒரு கட்டைக்கு வெறும் (புள்ளியே இல்லாதது), 1, 2, 3 என நான்கு முகம். இரண்டுக்கும் சேர்த்து 16 சேர்க்கை. தாயம் என்பது ஒன்றில் 1, மற்றதில் வெறும். அதற்கு இரண்டே வழி, அதாவது எட்டில் ஒன்று. 16 முறை போட்டும் தாயம் விழாமல் போக 12 சதவீத வாய்ப்பு உண்டு. நாலு பேர் ஆடினால், அவர்களில் ஒருவராவது அப்படிக் காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம்! நல்ல கட்டையிலேயே இப்படித்தான். பதினேழாவது வீச்சிலும் வாய்ப்பு அதே எட்டில் ஒன்றுதான். "இத்தனை நேரம் விழல, இப்ப விழுந்தே தீரும்" என்பதற்கு இடமே இல்லை.

ஒரு வீச்சு அடுத்ததைப் பாதிக்காமல் இருப்பது கட்டையை மட்டும் பொறுத்ததல்ல. உள்ளங்கைகளுக்கிடையே நன்றாக உருட்டிப் போட வேண்டும். லேசாகத் தேய்த்துத் தரையில் வழுக்கவிட்டால், எடுக்கும்போது மேலே இருந்த முகமே திரும்பவும் வரும்.

சோதிக்க, ஒரு கட்டையை மட்டும் 200 முறை போட்டு வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு முகமும் ஏறக்குறைய 50 முறை வர வேண்டும். 38 முதல் 62 வரை சந்தேகப்பட வேண்டாம். ஒரே முகம் தொடர்ந்து நாலு முறை விழும் இடம் சராசரியாக இரண்டு இருக்கும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். பிறகு 1 விழுந்த இடங்களை மட்டும் எடுத்து, அடுத்த வீச்சிலும் 1 வந்ததா என்று எண்ணுங்கள். ஐம்பதுக்கு 12, 13 வந்தால் சரி. இருபதைத் தாண்டினால் முதலில் போடும் விதத்தை மாற்றி மறுபடி எண்ணிப் பாருங்கள். எப்படி உருட்டிப் போட்டாலும் ஒரு முகமோ எதிரெதிர் முகங்கள் இரண்டுமோ 70, 80 என்று ஏறினால்தான் கட்டையில் கோளாறு. அப்போது ஜோடியாகவே மாற்றுங்கள். ஒற்றைக் கட்டை வாங்கினால் எடை பொருந்தாமல் போகலாம்.