வண்ணமீன் தொட்டிக்கு ஃபில்டர்: ஸ்பாஞ்ச் முதல் கேனிஸ்டர் வரை

வண்ணமீன் தொட்டிக்கு ஃபில்டர் வாங்கப் போகிறவரின் கண் முதலில் போவது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 'மணிக்கு இத்தனை லிட்டர்' என்ற எண்ணின் மேல்தான். அந்த எண் பொய்யில்லை. ஆனால் பெரும்பாலும் அது உள்ளே பஞ்சு, செராமிக் வளையம் எதுவும் இல்லாமல், தண்ணீரை மேலேற்ற வேண்டிய உயரமும் இல்லாமல், பம்ப் மட்டும் ஓடும்போது அளந்த வேகம். பஞ்சு, வளையம் போன்ற இந்த மீடியா நிறைந்து, அதில் சில வாரக் கசடும் சேர்ந்துவிட்டால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். தொட்டி நீர் மணிக்கு 4 முதல் 6 தடவை ஃபில்டர் வழியாகச் சுற்றிவர வேண்டும், அதாவது 100 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 400 முதல் 600 லிட்டர் வரை வேண்டும் என்று மீன் வளர்ப்போர் சொல்லும் கணக்கை ஓர் உத்தேசமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு ஃபில்டரை மதிப்பிடுவது வேறு இரண்டு கேள்விகளை வைத்து: அதற்குள் எவ்வளவு மீடியா கொள்ளும், அதைக் கழற்றிக் கழுவுவது எவ்வளவு சுலபம்?

ஃபில்டரின் வேலை தண்ணீரைத் தெளிவாக வைப்பது என்றே பலரும் எண்ணுகிறார்கள். கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் மீன்கள் அம்மோனியாவால் சாவதுண்டு. மீன்கள் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளிவிடுகின்றன. எச்சமும் தின்னாமல் விட்ட தீனியும் மட்கும்போதும் அதுவே உண்டாகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை நீரில் மிதந்து திரிவதைவிடப் பஞ்சின் துளைகளிலும் செராமிக் வளையங்களின் மேலும் ஒட்டி வாழ்வதே அதிகம். அவற்றுக்கு ஆக்சிஜன் செறிந்த நீர் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். நீரின் பி.எச். 7 ஆக இருக்கும்போது, 25 டிகிரி செல்சியஸில், மொத்த அம்மோனியாவில் நச்சுத்தன்மை மிகுந்த வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பி.எச். 8 ஆனால் அதுவே 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆகவே காரத்தன்மை கூடிய நீரில், வெப்பமண்டல மீன்களுக்குரிய சூட்டில், இந்த நுண்ணுயிர்கள் ஒரு நாள் செயலிழந்தாலும் விளைவு கடுமையாக இருக்கும்.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் எளியதான ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கே நான் முதலிடம் தருவேன். ஏர் பம்பிலிருந்து வரும் காற்று குழாய்க்குள் குமிழிகளாக மேலேறும்போது நீரையும் சேர்த்துத் தூக்கிச் செல்கிறது. அந்த இடத்தை நிரப்ப வரும் நீர் பஞ்சின் வழியாகவே வந்தாக வேண்டும். தொட்டிக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் பழுதாவதற்கும் எதுவுமில்லை. கப்பிக் குஞ்சுகளும் குட்டி இறால்களும் உறிஞ்சப்பட்டுவிடும் என்ற கவலையும் இல்லை. மாறாக, அவை பஞ்சின் மேல் ஒட்டியிருப்பதை நாள் முழுதும் கொத்தித் தின்றுகொண்டிருக்கும். ஒரே தண்டில் இரண்டு பஞ்சுகள் உள்ள வகை இன்னும் நல்லது: ஒரு வாரம் ஒன்றையும், சில வாரம் கழித்து மற்றதையும் கழுவினால் நுண்ணுயிர்க் கூட்டம் முழுவதும் ஒரே நாளில் குலைந்துபோகாது.

கழுவும் விதமும் முக்கியம். தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு வாளியில் ஊற்றி, அதற்குள் பஞ்சை அமுக்கிப் பிழிய வேண்டும். முதல் பிழிவிலேயே வாளி நீர் தேயிலை டிகாக்ஷன் நிறத்துக்கு மாறும். நாலைந்து முறை பிழிந்து, பஞ்சு மீண்டும் தளர்ந்து விரியத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். பஞ்சு புதிதுபோல் ஆகும்வரை குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால், அழுக்கோடு சேர்த்து நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களும் அழிந்துபோகும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் குறைகள் உண்டு. ஏர் பம்பின் ரீங்காரம் படுக்கையறையில் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். தொட்டிக்குள் ஒரு கறுப்புத் தூண்போல் நிற்பதால் செடிகளால் அழகுபடுத்திய தொட்டியில் கண்ணை உறுத்தும். நுண்ணிய தூசியை அது முழுதாகப் பிடிப்பதில்லை. ஏர் பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே வைப்பதானால் காற்றுக்குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் நிற்கும்போது தொட்டி நீர் குழாய் வழியாகப் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் புகுந்துவிடும்.

கண்ணாடி விளிம்பில் தொங்கவிடும் ஹேங் ஆன் ஃபில்டர்கள் பார்வைக்கு நேர்த்தியானவை, தொட்டிக்குள் இடத்தையும் அடைக்காதவை. ஆனால் அவற்றில் பலவற்றோடு வரும், மாதத்துக்கு ஒருமுறை தூக்கியெறியச் சொல்லும் கார்ட்ரிட்ஜ் முறையை என்னால் ஏற்க முடியவில்லை. மெல்லிய பஞ்சுறைக்குள் கொஞ்சம் கார்பனை அடைத்த அந்தக் கார்ட்ரிட்ஜை எறியும்போது, அதுவரை வளர்ந்த நுண்ணுயிர்களில் பெரும்பங்கும் குப்பைக்குப் போகிறது. கார்பன் கெட்டதன்று: மருந்து போட்ட பின் மிச்சத்தை நீக்கவும், மரக்கட்டையிலிருந்து இறங்கும் பழுப்பு நிறத்தை எடுக்கவும் உதவும். எப்போதும் இருந்தாக வேண்டியது அதுவன்று, பஞ்சும் வளையமும்தான். மருந்து போடும் நாட்களில் கார்பனை எடுத்துவிடவும் வேண்டும். அக்வாகிளியர் வகையில் உள்ளதுபோல் ஒரு திறந்த கூடையும், அதில் தனித்தனியாக வைக்கும் பஞ்சு, வளையங்களும் இருந்தால் வாங்கலாம். கார்ட்ரிட்ஜ் மட்டுமே பொருந்தும் மாதிரி ஏற்கெனவே கையில் இருந்தால், அந்த இடத்தில் தடித்த பஞ்சுத் துண்டு ஒன்றை அளவாக வெட்டிச் செருகினாலே போதும்.

தொட்டிக்குள் மூழ்கவைக்கும் இன்டர்னல் பவர் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: மலிவு, சிறிது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், துணை ஃபில்டராகச் சரி. சரளைக்கு அடியில் தட்டு வைக்கும் பழைய அண்டர்கிராவல் முறை இயங்கத்தான் செய்கிறது. ஆனால் தட்டின் கீழே சேரும் கசடை எடுக்கத் தொட்டியையே கலைக்க வேண்டியிருக்கும் என்பதால் புதிதாகத் தொடங்குவோருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

150 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கும், எச்சம் அதிகம் விடும் பெரிய சிக்லிட் மீன்களுக்கும் கேனிஸ்டர்தான் ஏற்றது. தொட்டிக்குக் கீழே அலமாரியில் மறைந்திருக்கும் அந்த உருளைக்குள் லிட்டர் கணக்கில் மீடியா கொள்ளும். சத்தமும் மிகக் குறைவு. எஹைம் கிளாசிக் போன்ற பழைய வடிவமைப்புகள் இன்றும் விற்பனையில் இருப்பதற்குக் காரணம் அவற்றின் எளிமை. இந்த வகையை வாங்கும்போது உருளையின் அளவைப் பார்ப்பதோடு இன்னும் மூன்றைச் சோதிக்க வேண்டும்: குழாய்களை நீர் சிந்தாமல் மூடிக் கழற்றும் வால்வு இருக்கிறதா, மூடியின் ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா, நீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரும் அதன் தண்டும் உதிரிபாகமாகக் கிடைக்குமா? சில மாதங்களுக்கு ஒருமுறை இம்பெல்லரை வெளியே இழுத்துப் பார்த்தால் அதன் காந்த உருளையைச் சுற்றிப் பழுப்பு நிற வழுவழுப்புப் படிந்திருக்கும். திடீரென்று எழும் கடகட ஓசைக்கும் பாய்ச்சல் குறைவதற்கும் பலமுறை இதுவே காரணம். சிறிய பிரஷ்ஷால் அதையும் அது உட்காரும் குழியையும் தேய்த்துவிட்டால் புதிய பம்ப் வாங்கும் செலவு மிச்சம்.

கேனிஸ்டரின் பெரிய பலவீனம் மின்தடை. மூடிய உருளைக்குள் நீரோட்டம் நின்றதும் உள்ளே இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்களே தீர்த்துவிடுகின்றன; மணிக்கணக்கில் நின்றால் அவை சாகத் தொடங்கும். நீண்ட நேரம் நின்ற கேனிஸ்டரை அப்படியே ஓடவிடக் கூடாது. திறந்து, துர்நாற்றம் வீசும் நீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டி நீரில் அலசிய பிறகே இயக்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகுமென்றால், கேனிஸ்டர் வைத்திருப்பவரும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்போடு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் தொட்டியில் வைத்திருப்பது நல்லது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனையே தாங்கும், சூடு ஏற ஏற அதுவும் குறையும் என்பதால், 28 டிகிரிக்கு மேல் வைக்கும் டிஸ்கஸ் மீன் தொட்டிக்கு இது இன்னும் அவசியம்.

எந்த வகையானாலும் மீனின் இயல்புக்கு ஒத்துவர வேண்டும். நீண்ட துடுப்புகளை இழுத்துக்கொண்டு நீந்தும் ஃபைட்டர் மீன் வேகமான நீரோட்டத்தில் களைத்து மூலையில் ஒதுங்கும். டேனியோக்களோ அதே ஓட்டத்தில் எதிர்நீச்சல் போட்டுக் களிக்கும். ஆகவே பாய்ச்சலைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் வெளிவரும் நீரைக் கண்ணாடிச் சுவரை நோக்கித் திருப்பிவிடுங்கள். உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு சிறு பஞ்சுறை மாட்டினால் குஞ்சுகளும் தப்பும், உள்ளிருக்கும் மீடியாவும் மெதுவாக அழுக்கடையும்.

என் பரிந்துரை இதுதான். 60 லிட்டர் வரையுள்ள தொட்டிக்கு இரட்டைப் பஞ்சு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அதற்கு மேல் 150 லிட்டர் வரை திறந்த கூடையுள்ள ஹேங் ஆன், கூடவே ஒரு ஸ்பாஞ்ச். அதற்கும் மேல் கேனிஸ்டர். புதுத் தொட்டியில் நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும் என்பதால், எவ்வளவு நல்ல ஃபில்டரை வாங்கினாலும் அதுவரை மீன்களை அள்ளிப் போடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஃபில்டரை மாற்றுபவர்கள் பழையதையும் புதியதையும் குறைந்தது ஒரு மாதம் சேர்த்தே ஓடவிட்டு, அதன்பின் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யமாக இருப்பதைப் பார்த்துவிட்டே பழையதை எடுக்க வேண்டும்.