மூன்று ராபின்கள்: டீன் டைட்டன்ஸ், யங் ஜஸ்டிஸ், டீன் டைட்டன்ஸ் கோ

"சித்தி, டீமா சண்டை போடற கார்ட்டூன் ஒண்ணு சொல்லு. தனி ஆள் வேண்டாம்" என்று அக்கா மகன் கேட்டான். பத்து வயது. ஸ்பைடர்மேன் சலித்துவிட்டதாம். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பெயர்கள் வாயில் வந்து நின்றன. மூன்றும் டிசி காமிக்ஸ் வீட்டுப் பிள்ளைகள். மூன்றும் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கியவை. மூன்றிலும் பேட்மேனின் சீடன் ராபின் இருக்கிறான். ஆனால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைப் போட்டால், இவையெல்லாம் ஒரே குடும்பம் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதுவரை படித்த ஒப்பீடுகளில் முக்கால்வாசி, எதில் சண்டை நன்றாக இருக்கிறது, எதில் படம் நன்றாக வரைந்திருக்கிறார்கள் என்பதோடு நின்றுவிடுகின்றன. எனக்கு வேறொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது: இந்தப் பிள்ளைகளுடைய வீட்டில் பெரியவர்கள் எங்கே? அதைக் கேட்டுப் பார்த்தால் மூன்றும் தானாகப் பிரிந்து நிற்கும். கதைத் திருப்பங்களைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, அதனால் இனிமேல்தான் பார்க்கப்போகிறேன் என்பவர்கள் டெர்ரா என்ற பெயர் வந்ததும் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்.

முதலில் ஜாதகம். பேட்மேன் போன்ற பெரிய ஆட்களின் கூடவே சுற்றும் பொடியன்களை மட்டும் ஒன்று சேர்த்தால் என்ன என்ற யோசனை 1964-இலேயே காமிக்ஸில் வந்துவிட்டது. அப்போது ராபின், கிட் ஃப்ளாஷ், அக்வாலேட் என்று மூவர். 1980-இல் மார்வ் வுல்ஃப்மேன் எழுத, ஜார்ஜ் பெரஸ் வரைய, ரேவன், ஸ்டார்ஃபயர், சைபார்க் ஆகியோர் உள்ளே வந்தார்கள். தொலைக்காட்சியில் க்ளென் முரகாமியின் டீன் டைட்டன்ஸ் 2003 ஜூலையில் தொடங்கி 2006 ஜனவரியில் முடிந்தது. 5 சீசன், 65 எபிசோட். க்ரெக் வைஸ்மேனும் பிராண்டன் வியெட்டியும் உருவாக்கிய யங் ஜஸ்டிஸ் 2010 நவம்பரில் வந்தது, நின்றது, பல வருடம் கழித்து மறுபடி எழுந்தது. டீன் டைட்டன்ஸ் கோ 2013 ஏப்ரலில் தொடங்கியது. எபிசோட் எண்ணிக்கை 400-ஐத் தாண்டிவிட்டது.

டீன் டைட்டன்ஸ் வீட்டில் பெரியவர்களே கிடையாது. கடலோரத் தீவு ஒன்றில், ஆங்கில டி எழுத்து வடிவத்தில் ஒரு கோபுரம். உள்ளே ஐந்து பிள்ளைகள்: ராபின், ஸ்டார்ஃபயர், சைபார்க், ரேவன், பீஸ்ட் பாய். யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது, டிவி ரிமோட் எங்கே என்பதில் தொடங்கி ஊரைக் காப்பாற்றுவது வரை எல்லாம் அவர்களே. பேட்மேன் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. ராபினின் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் பெயரும் கடைசிவரை நமக்குச் சொல்லப்படுவதில்லை. ஆனால் முதல் சீசன் முடிவில் ஓர் இடம் வருகிறது. ஸ்லேட் என்ற வில்லன், நண்பர்களின் உயிரைப் பணயமாக வைத்து ராபினைத் தன் சீடனாக்கிக்கொள்கிறான். உனக்கு நான் அப்பா மாதிரி இருப்பேன் என்கிறான். எனக்கு ஏற்கெனவே ஒரு அப்பா இருக்கிறார் என்கிறான் ராபின். அந்த நேரத்தில் திரையில் வௌவால்கள் பறக்கின்றன. அவ்வளவுதான். வசனம் இல்லை, பழைய கதையைக் காட்டும் காட்சி இல்லை. பேட்மேனைப் பற்றி இரண்டரை மணி நேரம் எடுத்தாலும் இந்தக் கனம் வருமா என்பது சந்தேகம்தான்.

ஒவ்வொரு சீசனும் ஒருவர் தோளில் ஏறிப் போகிறது. முதலாவது ராபின், மூன்றாவது சைபார்க், நான்காவது ரேவன், ஐந்தாவது பீஸ்ட் பாய். இரண்டாவது டெர்ரா. அங்கேதான் இந்தத் தொடர் குழந்தைகள் கார்ட்டூன் என்ற சட்டையைக் கழற்றி வைக்கிறது. டெர்ராவுக்கு மண்ணையும் பாறையையும் அசைக்கும் சக்தி உண்டு, ஆனால் அது கட்டுக்குள் நிற்காது. அதை யாரிடமும் சொல்லாதே என்று பீஸ்ட் பாயிடம் சத்தியம் வாங்குகிறாள். அவன் சொல்லவில்லை, ராபின் தானாகவே ஊகித்துவிடுகிறான். பீஸ்ட் பாய்தான் காட்டிக்கொடுத்தான் என்று நினைத்து ஓடிப்போகிறாள். பிறகு திரும்பி வருகிறாள். சக்தி கைவசமாகியிருக்கிறது. கற்றுக்கொடுத்தது யார் என்பது நமக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. பாடம் சொல்லித்தர ஆளில்லாத வீட்டில், சொல்லித்தருகிறேன் என்று முன்வந்த ஒரே பெரியவன் ஸ்லேட். பொருட்காட்சி ராட்டினம், முதல் காதல் என்று ஓர் எபிசோடைச் சிரிக்கச் சிரிக்கக் கொண்டுபோய், கடைசியில் பீஸ்ட் பாய் வாயாலேயே உனக்கு நண்பர்கள் யாரும் இல்லை என்று சொல்ல வைக்கிறார்கள். அவனுக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கலாம். அந்த வயதில் நாமும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

இதே தொடரில்தான் வியர்வைத் துளி தலையைவிடப் பெரிதாகத் தொங்கும், கண் இரண்டும் கோடாகிப் போகும் ஜப்பானிய பாணிக் கோமாளித்தனமும் இருக்கிறது. தொடக்கப் பாட்டைப் பாடியது பஃபி அமியுமி என்ற ஜப்பானிய இரட்டையர். பாட்டு ஆங்கிலத்தில் வந்தால் அன்றைக்குக் கதை கொஞ்சம் சீரியஸ், ஜப்பானிய மொழியில் வந்தால் கூத்து. மூன்றாவது நாளே அக்கா மகன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். "இன்னைக்கு ஜாலி எபிசோட்" என்று பாட்டிலேயே சொல்லிவிடுகிறான்.

யங் ஜஸ்டிஸ் இதற்கு நேர் எதிர். இங்கே பெரியவர்கள் அதிகம். தலைக்கு மேல் ஒரு விண்வெளி நிலையம் நிறைய இருக்கிறார்கள். முதல் எபிசோடே ஒரு குடும்பச் சண்டை. ராபின், கிட் ஃப்ளாஷ், அக்வாலேட், ஸ்பீடி நால்வரையும் பெரிய ஹீரோக்களின் சங்கமான ஜஸ்டிஸ் லீக்கின் தலைமையகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். பிள்ளைகள் பூரித்துப் போயிருக்கும்போது, அது சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுவதற்கான கட்டடம்தான், உண்மையான இடம் மேலே இருக்கிறது என்பது தெரிய வருகிறது. ஸ்பீடி கோபித்துக்கொண்டு வெளியேறுகிறான். மற்ற மூவரும் சொல்பேச்சுக் கேளாமல் கேட்மஸ் ஆய்வகத்துக்குள் புகுந்து, சூப்பர்மேனின் நகலாக வளர்க்கப்பட்ட சூப்பர்பாயை மீட்டு வருகிறார்கள். அவனுக்கு வயது 16 வாரம். இந்தக் கலாட்டாவின் விளைவாகத்தான் பேட்மேன் ரகசிய வேலைகளுக்கென்று ஒரு டீமை ஏற்படுத்துகிறான்.

என்னை மிகவும் பாதித்தது சூப்பர்மேன்தான். உலகத்தில் எல்லாரையும் காப்பாற்றுகிறவன், தன் ரத்தத்தில் உருவான பையனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அந்தப் பையனுக்கு அப்பா வேண்டும் என்று பேட்மேன் எடுத்துச் சொன்னால், நான் அவன் அப்பா இல்லை என்று எழுந்து போகிறான். சண்டைக் காட்சிகளை மறந்துவிட்டேன், இது மறக்கவில்லை. சொந்தக்காரர் கல்யாணங்களில் இப்படி முகத்தைத் திருப்பும் பெரியவர்களைப் பார்க்காதவர்கள் யார்?

பெரியவர்கள் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. டீன் டைட்டன்ஸில் இல்லாத ஒரு பெரியவரை யங் ஜஸ்டிஸ் அந்த இடத்தில் உட்கார வைக்கிறது. முதல் சீசன் நடுவில் ஒரு மனப்பயிற்சி தடம் புரண்டு, எல்லாம் நிஜம் என்று நம்பியபடி பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். வழக்கமான கார்ட்டூனில் விழித்ததும் அப்பாடா என்று சிரித்துவிட்டு அடுத்த வாரம் வேறு கதைக்குப் போயிருப்பார்கள். இங்கே அடுத்த எபிசோடின் பெரும்பகுதி, ஜஸ்டிஸ் லீக்கைச் சேர்ந்த பிளாக் கேனரி ஒவ்வொருவரையும் எதிரே உட்கார வைத்துப் பேசுவதுதான். ராபின் அவளிடம் சொல்வது இது: பேட்மேன் ஆக வேண்டும் என்றுதான் எப்போதும் நினைத்தேன், இனி வேண்டாம். காரியம் முடிய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் பலி கொடுக்கிற மனசு தனக்கு வேண்டாம் என்கிறான். டீன் டைட்டன்ஸில் ராபின் இதே போல உடைந்துபோகிற எபிசோட் ஒன்று உண்டு. ஸ்லேடின் முகமூடியிலிருந்து வந்த தூளைச் சுவாசித்து, இல்லாத ஸ்லேடுடன் இருட்டில் தனியாகச் சண்டை போட்டு அடிபடுகிறான். விளக்கைப் போட்டால்தான் அந்த உருவம் மறைகிறது. அதை அவனே கண்டுபிடித்து, அவனே போட்டுக்கொள்கிறான். பேசுவதற்கு நாற்காலி போட்டு எதிரே உட்கார அந்த வீட்டில் யாரும் இல்லை. எது நல்ல எபிசோட் என்று கேட்டால் டீன் டைட்டன்ஸைச் சொல்வேன். எந்த வீட்டில் வளர்வது நல்லது என்று கேட்டால் யோசிக்காமல் யங் ஜஸ்டிஸ்.

யங் ஜஸ்டிஸின் தொல்லை அதன் கனம். காட்சிக்குக் காட்சி தேதியும் நேரமும் திரையில் வருகின்றன, அதைக் கவனித்தால்தான் சில முடிச்சுகள் அவிழும். முதல் சீசனில் 26 எபிசோட் கூடவே வந்து எல்லாரையும் நம் பிள்ளைகளாக்கிக்கொண்டால், இரண்டாவது சீசன் திடீரென்று ஐந்து வருடம் தாண்டித் தொடங்குகிறது. ராபின் இப்போது நைட்விங், ராபின் வேடத்தில் வேறொரு பையன், பாதிப் பேர் புதுமுகம். நானே ஒரு தாளில் பெயர் எழுதி வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். பத்து வயதுக்காரன் அரை மணியில் எழுந்து கிரிக்கெட் மட்டையைத் தேடப் போய்விடுவான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. 46 எபிசோட் முடிந்து 2013-இல் தொடர் நின்றதற்குக் காரணம் பொம்மை விற்பனை என்று வைஸ்மேனே சொல்லியிருக்கிறார். பொம்மை நிறுவனத்தின் பணத்தில் ஓடிய தொடர், பொம்மை வரிசை நின்றதும் தானும் நின்றது. 2019-இல் மறுபடி வந்தது தொலைக்காட்சியில் இல்லை, இணையத்தில். அதற்குள் ரசிகர்கள் வளர்ந்துவிட்டார்கள், தொடரும் வளர்ந்துவிட்டது: சக்தி உள்ள பதின்வயதினரைக் கடத்தி விற்கும் கும்பல்கள், கோரமான சாவுகள். அந்த மூன்றாவது சீசனைச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் கூடத்தில் போடாதீர்கள்.

அப்புறம் டீன் டைட்டன்ஸ் கோ. பழைய டீன் டைட்டன்ஸின் அதே ஐந்து கேரக்டர்கள், அதே ஐந்து குரல்கள், அதே டி கோபுரம். வேலை மட்டும் வேறு. 11 நிமிட எபிசோட், ஊரைக் காப்பாற்றுவது எப்போதாவது, மீதி நேரம் சாப்பாடு, சோபா, வம்பு. சைபார்க்கும் பீஸ்ட் பாயும் வாஃபிள்ஸ் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பேசிக்கொண்டு ஒரு முழு எபிசோடை ஓட்டிவிட்டார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுச் சொத்து சேர்ப்பது எப்படி என்று ராபின் வகுப்பெடுக்கும் எபிசோட்கூட உண்டு, பெரியவர்கள்தான் அதிகம் சிரிப்பார்கள். பழைய தொடரின் ராபின் பாரம் சுமந்தவன். இவன் அந்தப் பாரத்தின் கேலிச்சித்திரம்: தலைவன் என்ற மிதப்பு, கையில் தடி, யாரும் கேட்காத திட்டங்கள்.

பழைய தொடரின் ரசிகர்களுக்கு இதைக் கண்டால் ஆகாது. நானும் ஒரு வருடம் அந்தக் கட்சியில் இருந்தேன். மனசு மாறியது ஸ்லேட் பெயர் வைத்த ஓர் எபிசோடால். ஸ்லேட் வருகிறான் என்று ஆசை காட்டிவிட்டு, அந்தச் சண்டையை நம் கண்ணில் காட்டாமலே முடித்துவிடுகிறார்கள். மீதி எபிசோட் முழுக்க ஒரு கோமாளி. சின்ன வயதில் தங்களைச் சிரிக்க வைத்த கோமாளியைச் சைபார்க்கும் பீஸ்ட் பாயும் கூப்பிடுகிறார்கள், அவன் வேடிக்கை காட்டினால் இவர்களுக்குப் பிடிக்கவில்லை. கோமாளி கெட்டுப்போய்விட்டான் என்று சொல்லி, அவனை இவர்கள் இஷ்டத்துக்கு மாற்றப் போய் வினையாகிறது. கோமாளி யார், திருத்த நினைத்த அந்த இரண்டு பேர் யார் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தேன். இன்னொரு எபிசோடில் யங் ஜஸ்டிஸ் ஆட்களே வந்து, நீங்கள் சீரியஸாகவே இல்லை என்று இவர்களை ஏளனம் செய்கிறார்கள். நான் இங்கே இவ்வளவு நீளமாகச் செய்யும் ஒப்பீட்டை அவர்கள் 11 நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

ஆனாலும் டீன் டைட்டன்ஸ் கோவை முதலில் போடாதீர்கள். அது கிண்டல், கிண்டலுக்கு மூலம் தெரிந்திருக்க வேண்டும். ரேவன் ஏன் எதற்கும் சிரிப்பதில்லை என்பது தெரியாத பிள்ளைக்கு அவளுடைய அலுப்பு வெறும் அலுப்பாகத்தான் தெரியும். பழைய தொடரில், உணர்ச்சி கொஞ்சம் மிஞ்சினாலும் சக்தி வெடித்துவிடும் என்று பயந்து பயந்து வாழ்கிறவள் அவள். இன்னொரு கஷ்டமும் இருக்கிறது, எபிசோட் சின்னதாக இருப்பதால் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பது எட்டு எபிசோடாகிவிடுகிறது.

அக்காவிடம் நான் சொன்ன வரிசை இதுதான். பத்து வயதுக்கு 2003 டீன் டைட்டன்ஸ், முதல் எபிசோடிலிருந்து ஒழுங்காக. பள்ளி நாளில் களைத்து வந்தால் கோ ஒன்றிரண்டு, அதுவும் பழையதில் ஒரு சீசனாவது முடித்த பிறகு. யங் ஜஸ்டிஸ் பன்னிரண்டு பதின்மூன்று வயதில், பெரியவர்கள் மேல் கோபம் வரத் தொடங்கும்போது, முதல் இரண்டு சீசன் மட்டும். "மூணுலயும் அடிதடிதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?" என்று அக்கா கேட்டாள்.

அவன் இப்போது இரண்டாவது சீசனில் இருக்கிறான். நேற்று டெர்ரா திரும்பி வந்துவிட்டாளாம். கோபுரத்தில் அவளுக்கென்று தனி அறை கொடுத்துவிட்டார்களாம். டீமிலேயே அவளைத்தான் ரொம்பப் பிடிக்கும் என்று போனில் சொன்னான். நான் சரி என்று மட்டும் சொன்னேன்.