கடற்கரை வீட்டுக் கான்கிரீட்டில் துருத்தடுப்பான்: பலன் தந்ததும் தராததும்

நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். 2013-ல் மாடி எடுத்தபோது கான்கிரீட்டில் கால்சியம் நைட்ரைட் கலந்தோம். கீழ்த்தளத்தின் பழைய சன்ஷேடுகளுக்கு, மேலே பிரஷ்ஷால் அடிக்கும் அமைன் வகை மருந்து. கடையில் இரண்டுக்கும் துருத்தடுப்பான் என்றுதான் பெயர். பலன் ஒன்றாக இல்லை.

கான்கிரீட்டின் காரத்தன்மையால் கம்பி மேல் மெல்லிய ஆக்சைடு படலம் தானாகவே படியும். உப்புக்காற்றின் குளோரைடு உள்ளே இறங்கி அதை அங்கங்கே உடைக்கிறது. உடைந்த இடத்தில் கரைந்து வரும் இரும்பை நைட்ரைட் மறுபடி ஆக்சைடாக்கி ஓட்டையை அடைக்கும். உப்பு மிஞ்சிவிட்டால் மருந்து தோற்கும். அதனால்தான் கன மீட்டருக்கு 10 முதல் 30 லிட்டர் வரை, உப்பின் கடுமையைப் பார்த்து அளவு சொல்கிறார்கள். எங்களுக்கு 20 லிட்டர். சிமெண்ட் மூட்டைக்கு இரண்டரை லிட்டர் கணக்கு வந்தது.

வேலை நேரத்தில் பெரிய தலைவலி, இந்த மருந்தால் கலவை சீக்கிரம் இறுகுவது. சித்திரை வெயில் வேறு. இறுகினால் மேஸ்திரியின் கை தானாகத் தண்ணீர் வாளிக்குப் போகும். அப்படித் தண்ணீர் ஊற்ற விட்டால் எல்லாம் வீண். இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்த்துச் சமாளித்தோம். மருந்துக் கேனில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், அந்த அளவைக் கலவைத் தண்ணீரில் குறைக்கவும் வேண்டும்.

இன்றுவரை, ஒரு ஓரம் தவிர, மாடித் தளத்தின் அடியில் துருக்கறை இல்லை. சுத்தியலால் தட்டினால் கெட்டியான சத்தம். கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து துருவைக் கணிக்கும் சோதனையிலும், அந்த ஓரம் தவிர வேறெங்கும் மைனஸ் 200 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை. மைனஸ் 350-ஐத் தாண்டினால்தான் துரு ஓடுவது அநேகமாக உறுதி. ஆனால் முழுப் புகழும் மருந்துக்கு இல்லை. எம்30 தரக் கான்கிரீட், 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) என்று போட்டிருந்தோம். சமையலறைப் பக்கம் அந்த ஓரத்தில், இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் நகர்ந்து, கம்பிக்கு மேல் அரை அங்குலம்கூட இல்லை. அதே கலவை, அதே மருந்து; அங்கே மட்டும் பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறது.

பழைய சன்ஷேடு? இரண்டு மழைக்காலத்தில் கம்பி ஓடும் தடத்திலேயே விரிசல் திரும்ப வந்தது. ஏற்கெனவே துரு ஊதி வெடித்த கான்கிரீட்டுக்கு மேலே தடவி என்ன ஆகும்? கடைசியில் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி, துரு சுரண்டி, மெலிந்த கம்பியை மாற்றி, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் மார்ட்டர் பூசினோம். புதிதாகக் கட்டுவதானால் நைட்ரைட்டுக்கு மறுபடி செலவு செய்வேன், தடவும் மருந்துக்கு மாட்டேன். அப்புறம், வாங்கும்போது கேனைப் படித்துப் பாருங்கள்: சீக்கிரம் இறுக வைக்க விற்கும் கால்சியம் குளோரைடு கம்பிக்கு எமன்.